பாறை ஓணானில் ஆணும் பெண்ணும் இவ்வளவு வேறாக இருப்பது எதனால்?

கல்திட்டை (தேன்கனிக்கோட்டை)

மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள் எனப்படும் பழங்கால ஈமச் சின்னங்களைச் சுற்றியுள்ள பாறைகளில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இவை இரண்டும் ஒரே உயிரினமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே இனம்தான். பாறை ஓணான், அறிவியல் பெயர் சமோஃபிலஸ் டார்சாலிஸ். உச்சியில் தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆண். தலையிலிருந்து முதுகு முழுக்கச் செம்மஞ்சள்; இரண்டு பக்கமும் கன்னங்கரேல். அதே பாறையின் அடியில், நிழல் விழும் வெடிப்பை ஒட்டி இருப்பது பெண். பழுப்புத் தோல், வெளிறிய புள்ளிகள், கருங்கல்லில் படிந்த பாசித் திட்டின் நிறம். படத்தில் அம்புக்குறி போட்டிருக்காவிட்டால் பாதிப் பேருக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

நிறம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆணின் உடலும் பெரிது, தலை அகலம், தாடை தடிப்பு. ஆனால் எங்கள் ஏரிக்கரைக் கற்குவியலில் இருக்கும் ஆண்கள் இந்த அளவுக்குப் பெரியவையாக இல்லை, நிறமும் மங்கல். இனம் ஒன்றுதான், இடம்தான் வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவை இருக்கும் இடம் கூட்டியும் குறைத்தும் வைக்கிறது என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

தம்பி, சேவலுக்குக் கொண்டை பெரிது, மயிலில் ஆணுக்குத்தான் தோகை. இதெல்லாம் பிறவி. பாறைக்கு இதில் என்ன வேலை? எங்கள் தோப்பில் காய் முற்றும் காலத்தில் ஓணான்களைப் பார்க்கிறேன். ஆணுக்குக் கழுத்தும் தலையும் இரத்தச் சிவப்பாகிவிடும், கன்னம் புடைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்கள் ஒரே மரத்தில் சேர்ந்துவிட்டால் தண்டால் எடுப்பதுபோல் உடம்பைத் தூக்கித் தூக்கி மிரட்டும். பிறகு வாயோடு வாய் கவ்விக்கொள்ளும். பெரிய தலை இருக்கிறவன் ஜெயிக்கிறான், அவனுக்குத்தான் பெண். அதனால் ஆண் பெரிதாகிறது. இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது?

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

மாந்தோப்பு ஐயா சொல்வது பெரிய உண்மையின் ஒரு பாதி. 1871-இல் டார்வின் இதைத்தான் எழுதினார். நம் நாட்டு விசிறித்தொண்டை ஓணானின் ஆணுக்கு மட்டும் தொண்டைப் பை இருப்பதை உதாரணமாகவே காட்டினார். ஆண்களுக்குள் போட்டி, பெண்ணின் தேர்வு என்ற இரண்டும் ஆணைப் பெரிதாக்கும், நிறமேற்றும். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் கேள்வி வேறு. போட்டி எல்லா ஓணான் இனங்களிலும் உண்டு, பல்லியிலும் உண்டு. அப்படியானால் வேறுபாடு ஏன் ஓரிடத்தில் இவ்வளவாகவும் இன்னோரிடத்தில் கொஞ்சமாகவும் இருக்கிறது? நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரே நிறம். இரவில் நடமாடும் உயிருக்கு நிறத்தால் என்ன பயன்? ஆண் பல்லியின் தொடை உட்புறத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும்; அவற்றில் கசியும் மெழுகு போன்ற பொருளின் வாசனையால்தான் அது தன் இடத்தை அறிவிக்கிறது. கண்ணாடிச் சன்னலில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் துளைகள் தெளிவாகத் தெரியும். போட்டி அங்கேயும் இருக்கிறது. ஆனால் இருட்டில் வாழ்வதால் அது நிறத்தில் வெளிப்படாமல் மணத்தில் வெளிப்படுகிறது. வேறுபாடு எந்த உறுப்பில் ஏறவேண்டும் என்பதையே சூழல் முடிவு செய்துவிட்டது.

வெட்டவெளிப் பாறையில் நிலைமை நேர்மாறு. தூரத்திலிருந்தே தெரியும், நிறத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

ஒகேனக்கல் கரை (பென்னாகரம்)

தூரத்திலிருந்து பெண் ஓணானுக்குத் தெரியும் என்றால் வல்லூறுக்கும் தெரியும் அல்லவா? அதை யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கத்துப் பாறைகளில் நான் அதிகம் பார்த்தது, உச்சியில் இருக்கும் ஆண் நிழல் பட்டதும் வெடிப்புக்குள் பாய்வது. பெண் அப்படிப் பாய்வதில்லை. கல்லோடு கல்லாக ஒட்டி அசையாமல் கிடக்கும். முட்டை சுமக்கும் காலத்தில் அது வேகமாக ஓடவும் முடியாது. மங்கல் நிறம் அதற்கு உயிர்க்காப்பு.

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

மிகச் சரி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாறைகளில் வாழும் டிராகன் ஓணான்களின் மாதிரி உருவங்களைச் செய்து, சிலவற்றுக்கு ஆணின் பளிச்சென்ற நிறத்தையும் சிலவற்றுக்குப் பெண்ணின் மங்கல் நிறத்தையும் பூசி வெளியில் வைத்தார்கள். பளிச்சென்று தெரிந்தவற்றைத்தான் பறவைகள் அதிகம் கொத்தின. 2003-இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் கழுத்துப்பட்டை ஓணானிலும் களிமண் மாதிரிகளை வைத்து இதே போல் பின்னர் செய்தார்கள்.

ஆக ஆணின் நிறம் இலவசமாக வரவில்லை. வேட்டைப் பறவை அதிகமுள்ள இடத்தில், ஒளிய வெடிப்பு இல்லாத இடத்தில், அந்த நிறத்துக்குக் கொடுக்கும் விலை கூடுகிறது. நம் பாறை ஓணான் இதற்கு ஓர் அருமையான வழி வைத்திருக்கிறது: நிறத்தை எப்போதும் ஏற்றி வைத்திருப்பதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னொரு ஆணை எதிர்கொள்ளும்போது முதுகு மஞ்சளாகிப் பக்கம் ஆரஞ்சாவதையும், பெண்ணின் முன்னால் முதுகு சிவந்து பக்கம் கறுப்பதையும் காட்டினார்கள். சண்டைக்கான நிறம் வேகமாக மாறுகிறது. பெண்ணைக் கவரும் நிறத்தில் முதுகுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாக இருக்கிறது. கல்திட்டை நண்பரின் படத்தில் இருப்பது பெண்ணைக் கவரும் கோலம். பெண் அதே பாறையின் அடியில் இருந்திருக்கிறது, பாருங்கள்.

அரூர் மாணவி (அரூர்)

ஐயா, நிறம் புரிகிறது. உடல் அளவு எனக்கு இன்னும் புரியவில்லை. பெரிய பெண் அதிக முட்டை இடும் என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் பெண்தானே பெரிதாக இருக்க வேண்டும்?

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

பல இனங்களில் பெண்தான் பெரிதம்மா. நீ படித்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் காரணம் எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு வேலை செய்வதில்லை. வீட்டுப் பல்லி எவ்வளவு கொழுத்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான். சுவரில் மாட்டிய படத்தின் பின்னால் பார், இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். அமெரிக்க அனோலிஸ் ஓணான் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று இடும். இவற்றில் பெண்ணின் உடல் பெரிதானால் முட்டைக் கணக்கில் லாபம் குறைவு. தோட்டத்து ஓணான் ஒரே குழியில் பத்துக்கும் மேல் இடுகிறது. அங்கே பெண்ணின் வயிற்றிடம் பெரிதாக இருப்பதில் பொருள் உண்டு. கூர்ந்து பார்த்தால், பல இனங்களில் பெண்ணுக்கு உடற்பகுதி நீளம், ஆணுக்குத் தலையும் காலும் பெரிது. மொத்த நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பங்கீடு வேறு.

குளிர்ப் பிரதேசமானால் இன்னொரு நெருக்கடி. வெயில் காலம் குறுகியது, வருடத்துக்கு ஒரே ஒரு ஈற்றுதான். அந்த ஒன்றில் முடிந்தவரை முட்டையோ குட்டியோ அடக்க வேண்டும். அங்கே பெண்ணின் உடலைப் பெரிதாக்கும் அழுத்தம் கூடும் என்பது பழைய கருத்து.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில் போட்டியும் முட்டையும் தானே! இடம் எங்கே வந்தது? கல்திட்டைத் தம்பி கேட்டது இடத்தைப் பற்றி.

அரூர் மாணவி (அரூர்)

மாந்தோப்பு ஐயா, இதை நான் பதில் சொல்லலாமா? கரீபியன் தீவுகளின் அனோலிஸ் ஓணான்களைப் பற்றி எங்கள் வகுப்பில் கருத்தரங்குக்குப் படித்தேன். கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ என்ற நான்கு பெரிய தீவுகளிலும் இவை தனித்தனியாகப் பெருகியவை. ஆனால் ஒரே மாதிரி இடத்தில் வாழ்பவை ஒரே மாதிரி உருவம் பெற்றுவிட்டன. மரத்தின் அடித்தண்டிலும் தரையிலும் வாழ்பவற்றில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரிது. மெல்லிய சுள்ளியில் வாழ்பவற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தீவு மாறினாலும் இது மாறவில்லை. பட்லர், ஷோனர், லோசோஸ் மூவரும் 2000-இல் இதை எழுதினார்கள். பிறவி மட்டும்தான் காரணம் என்றால், தனித்தனியாக வந்த வம்சங்கள் ஏன் இடத்துக்கு ஏற்றபடி ஒரே முடிவுக்கு வரவேண்டும்?

அடித்தண்டில் உட்கார்ந்தால் சுற்றிலும் தெரியும். ஓர் ஆண் பல பெண்களின் இடத்தைக் காவல் காக்கலாம். சுள்ளியில் ஒளிந்து மெதுவாக ஊர்பவனுக்கு அந்த வசதி இல்லை. பெரிய உடம்பைச் சுள்ளி தாங்கவும் தாங்காது.

ஒகேனக்கல் கரை (பென்னாகரம்)

நன்றாகச் சொன்னாய் அம்மா. "தவளை தண்ணீருக்கு இழுக்கும், ஓணான் வேலிக்கு இழுக்கும்" என்பார்களே, இங்கே ஆண் ஓணான் உச்சிக்கும் பெண் ஓணான் அடிக்கும் இழுக்கிறது. இரண்டும் ஒரே பாறையில் இருந்தாலும் ஒரே இடத்தில் வாழவில்லை.

இதில் எனக்கொரு சந்தேகம். உச்சியில் ஒரு வகைப் பூச்சி, அடியில் எறும்பும் கறையானும். ஆண் பெரிய இரையைத் தின்கிறது, பெண் சிறிய இரையைத் தின்கிறது என்றால், தீனி வேறானதால் உடல் வேறானதா, உடல் வேறானதால் தீனி வேறானதா?

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலான வயது. கிராண்ட் கேமன் தீவின் அனோலிஸ் இனத்தில் ஆண் பெரிய இரையையும் பெண் சிறிய இரையையும் தின்பதை 1967-இல் ஷோனர் எழுதினார். ஒரே இனத்துக்குள் தீனிக்குப் போட்டி வராமல் இரண்டும் பிரித்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். ஆனால் நீங்கள் கேட்டதுபோல, எது முதலில் என்பதைக் கள ஆய்வில் மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. 2003-இல் காக்ஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 302 ஓணான், பல்லி இனங்களை ஒப்பிட்டார்கள். போட்டி, முட்டை இரண்டுக்கும் அளவு வேறுபாட்டோடு தொடர்பு கிடைத்தது. ஆனால் அது வேறுபாட்டில் சிறு பங்கை மட்டுமே விளக்கியது. மீதி வேறெங்கோ இருக்கிறது.

அந்த மீதியைத் தேடி அதே குழு செய்த ஒரு சோதனையைத்தான் இந்த இழையில் எல்லோரும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மலைகளில் முள் ஓணான் ஒன்று உண்டு. நம் பாறை ஓணான் போலவே பாறை வெடிப்பில் வாழ்வது. காட்டில் ஆண்தான் வேகமாக வளர்ந்து பெரிதாகிறது. குட்டிகளைப் பிடித்துவந்து ஆய்வுக்கூடத்தில் ஒரே வெப்பம், ஒரே மாதிரி நிறைந்த தீனி கொடுத்து வளர்த்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வேகத்தில் வளர்ந்தன. வேறுபாடு மறைந்துவிட்டது! ஆண்மைச் சுரப்பியை நீக்கியவையும் நீக்காதவையும் கூட அங்கே ஒரே மாதிரிதான் வளர்ந்தன. 2006-இல் வெளியானது. காட்டில் தீனிக்கு அலைய வேண்டும், இடத்தைக் காக்க வேண்டும், குட்டி சுமக்க வேண்டும். அங்கே ஆணின் சக்தி ஒரு வழியிலும் பெண்ணின் சக்தி இன்னொரு வழியிலும் செலவாகிறது. அந்தச் செலவுக் கணக்கில் மிஞ்சுவதுதான் உடல் அளவு. தீனி மிஞ்சிக் கிடக்கும்போது கணக்கே தேவைப்படவில்லை.

மாந்தோப்பு ஐயா கேட்ட 'இடம் எங்கே வந்தது' என்பதற்கு இதுதான் என் பதில்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

ஆண்மைச் சுரப்பு இருந்தும் ஆண் பெரிதாகவில்லை என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. காளையையும் காயடித்த எருதையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். இரண்டுக்கும் உடல்வாகே வேறு.

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

மாட்டில் நீங்கள் பார்த்தது சரி ஐயா. ஓணான் இன்னும் விசித்திரம். அதே முள் ஓணான் வகையில் கிழக்கு அமெரிக்காவில் வேலிகளில் வாழும் இன்னோர் இனம் உண்டு. அதில் பெண்தான் பெரிது. அங்கே ஆண்மைச் சுரப்பு ஆணின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மலை இனத்தில் காட்டில் இருக்கும்போது அதே சுரப்பு வளர்ச்சியைத் தூண்டுகிறது. சுரப்பு ஒன்றுதான்; எந்தப் பக்கம் தள்ளும் என்பது இனத்தையும் அது வாழும் நிலைமையையும் பொறுத்தது.

அளவுக்கும் தீனிக்கும் உள்ள உறவுக்கு உச்சகட்ட உதாரணம் கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானா. கடற்பாசி தின்று வாழ்வது. ஜெனோவேசா தீவில் பெரிய ஆணே ஒரு கிலோ அளவில்தான் நிற்கும். இசபெலா தீவில் பத்துக் கிலோவைத் தாண்டும். பெண்கள் பெரிய ஆணைத்தான் விரும்புகின்றன. அதனால் ஒவ்வொரு தீவிலும் பெரிய ஆண்கள் அந்தத் தீவின் பாசி தாங்கக்கூடிய அளவையும் மீறி வளர்ந்து நிற்கின்றன. எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம்) வந்து பாசி அழிந்தால் முதலில் சாவது அவைதான். பிழைத்தவற்றின் உடல் நீளமே 20 சதவிகிதம் வரை சுருங்கியதாக 2000-இல் எழுதினார்கள். மெலிவது வேறு, இது எலும்போடு நீளமே குறைவது.

கிரானைட் ஊர் (பர்கூர்)

நான் கல் தொழிலை நம்பி வாழும் குடும்பம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். குவாரியில் கழித்துப்போட்ட கற்குவியல்களிலும் பாறை ஓணான் ஏராளம். பாறையை உடைத்தால் ஓணான் போய்விடும் என்று சிலர் பேசுகிறார்கள். எங்கள் கண்ணுக்கு அது குறைந்ததாகத் தெரியவில்லையே.

கல்திட்டை (தேன்கனிக்கோட்டை)

அண்ணா, இதைத்தான் நான் முதல் பதிவில் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தேன். ஓணான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படிப்பட்ட ஓணான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதே இனத்தை ஆராய்ந்து, பெரிய ஆண்கள் உயரமான பாறைகளையும் பெண்களும் சிறியவையும் தாழ்வான கற்களையும் பிடிக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். இராயக்கோட்டை மலையில் நின்று பாருங்கள்: ஆளுயரத்துக்கும் மேலான உருண்டைப் பாறை, அதன்மேல் ஓர் ஆண், கீழே அதன் ஆட்சி. கழிவுக் கற்குவியலில் எல்லாக் கல்லும் ஏறக்குறைய ஒரே உயரம். எவன் மேலே, எவன் கீழே? காவல் காக்க ஓர் உச்சியே இல்லாத இடத்தில் பெரிய உடம்பை வளர்த்து என்ன லாபம்? எங்கள் ஏரிக்கரை ஆண்கள் சிறிதாகவும் மங்கலாகவும் தெரிவதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கிரானைட் ஊர் (பர்கூர்)

குவியலில் இடுக்குகள் அதிகம், ஒளிய வசதி. பூச்சியும் உண்டு. விலங்கியல் ஐயா சொன்ன கணக்குப்படி, ஒளிய இடம் இருந்தால் நிறம் கூடவேண்டும் அல்லவா?

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

நியாயமான கேள்வி. இங்கே இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒளிய இடம் நிறத்தின் விலையைக் குறைக்கும். உச்சி இல்லாதது நிறத்தின் பயனைக் குறைக்கும். எது மேலோங்கும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். கல்திட்டை நண்பரின் ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மங்கலாக இருந்தவை இளம் ஆண்களாகவும் இருக்கலாம். மண்ணையும் மறந்துவிடாதீர்கள். பெண் பாறையடி மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். கல்தூசி மூடிய நிலத்தில் அதற்கு ஏற்ற ஈரமண் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மண்ணின் வெப்பமும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் தாடி டிராகனில் அடைகாக்கும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால், மரபணுவில் ஆணாக இருக்க வேண்டியவை பெண்ணாகவே பிறக்கின்றன. ஆணையும் பெண்ணையும் எவ்வளவு வேறாக்குவது என்பதைத் தாண்டி, எது ஆண் எது பெண் என்பதிலேயே சூழல் கைவைக்கிறது.

அரூர் மாணவி (அரூர்)

அப்படியானால் அளந்துவிடலாமே ஐயா? தீர்த்தமலைப் பக்கம் நானும் தோழிகளும் பார்க்கிறோம். இராயக்கோட்டை, மல்லச்சந்திரம் கல்திட்டை அண்ணா. பர்கூர்க் குவியல்கள் கிரானைட் ஊர் அண்ணா. எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கிரானைட் ஊர் (பர்கூர்)

நான் தயார். வேலை நடக்காத பழைய குவியல்கள் இருக்கின்றன, அங்கே போகத் தடையில்லை.

விலங்கியல் வகுப்பு (தர்மபுரி)

மகிழ்ச்சி. யாரும் எதையும் பிடிக்க வேண்டாம். பிடித்தால் அது பயத்தில் நிறம் மாறிவிடும், உங்கள் குறிப்பு வீணாகும். இனப்பெருக்கக் காலத்தில், வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் பாருங்கள். மற்ற மாதங்களில் ஆணும் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும். தூரத்திலிருந்து படம் எடுங்கள். ஓணான் போனபிறகு அது இருந்த அதே இடத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நின்ற இடம் மாறாமல், அதே உருப்பெருக்கத்தில் இன்னொரு படம் எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரைதான் நீளம். வாலைச் சேர்க்காதீர்கள், நுனி முறிந்தவை நிறைய உண்டு. உட்கார்ந்திருந்த உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். சுற்றியுள்ள கற்களில் மிக உயரமானது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இளம் ஆண்கள் பார்வைக்குப் பெண் போலவே இருக்கும். தலை அகலத்தை வைத்தும் உறுதி செய்ய முடியாவிட்டால், "தெரியவில்லை" என்றே பதிவு செய்யுங்கள். அவற்றைப் பெண் கணக்கில் சேர்த்தால், எல்லா இடத்திலும் பெண் சிறிதாகத் தெரிந்து நாம் தேடுகிற வேறுபாடே பொய்யாகப் பெருகிவிடும்.